நெல்லைப் பக்கம் மூலிகை பறித்து மருந்து செய்யப் பழகுகிறவர்களுக்கு: முதல் வருஷத்துக்கான வழி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில், ஆறு கிலோ ஆடாதோடை இலையைப் பறித்து வந்து வீட்டுத் திண்ணையில் உலர்த்தினேன். வெயில் வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பத்தாம் நாள் இலையெல்லாம் கறுத்து, அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதே வருஷம் கீழாநெல்லி என்று நம்பிக் கட்டி வைத்ததில் பாதி வேறு செடி. கரிசலாங்கண்ணி பறித்த வரப்புக்கு முந்தின வாரம்தான் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். பறித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. மூன்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

இதையெல்லாம் யாராவது உட்கார வைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு பழகியது இது. ஆற்றுப்பாசனம் குறைவான நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன். வீட்டில் உள்ள பெரியவர்களின் சளி, உடம்புவலி, அரிப்பு போன்ற சின்னத் தொல்லைகளுக்கு மட்டுமே இந்த வழிகாட்டி. நோய்க்கு வைத்தியம் பார்ப்பது வேறு படிப்பு.

1. ஆறு செடியோடு நிறுத்துங்கள்

ஆசை நூறு செடி மேல் போகும். முதல் வருஷத்துக்கு ஆறு போதும்: நொச்சி, ஆடாதோடை, முடக்கத்தான், பிரண்டை, கரிசலாங்கண்ணி, குப்பைமேனி. இந்த ஆறும் வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானாகவே வளர்கின்றன. இலையோ கொடியோ மட்டும் எடுத்தால் செடி மறுபடி தழைக்கும். அதோடு ஆறும் ஆறு விதமான செய்முறையைக் கற்றுத்தரும். நொச்சியில் வேது என்கிற ஆவி பிடித்தல், ஆடாதோடையில் குடிநீர் என்கிற கஷாயம், முடக்கத்தானில் உணவு, பிரண்டையில் துவையல், கரிசலாங்கண்ணியில் எண்ணெய், குப்பைமேனியில் மேலே பூசும் பற்று.

செம்மண் காட்டில் இருப்பவர்களுக்குக் கரிசலாங்கண்ணி ஈரம் போதாமல் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஆவாரம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி தாண்டினால் ரோட்டுக்கு இருபுறமும் மஞ்சளாக நிற்பது அதுதான். ஆனால் ரோட்டோரத்தில் பறிக்காமல் உள்ளே நடந்து போய்ப் பறியுங்கள்.

நன்னாரி ஆசை எல்லோருக்கும் வரும். முதல் வருஷம் வேண்டாம். வேரைத் தோண்டினால் அந்தக் கொடி போய்விடும், மறுபடி அந்த இடத்தில் பார்ப்பது கஷ்டம். சர்பத்துக்கு வேண்டுமானால் நாட்டுமருந்துக் கடையில் வாங்குங்கள்.

2. கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் நிலம் யாருடையது என்று பாருங்கள்

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் பாதை என்று நாம் சாதாரணமாகக் குளிக்கவும் சாமி கும்பிடவும் போகிற இடங்களை ஒட்டியிருக்கும் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். ஒரு கை இலைதானே என்ற பேச்சு சோதனைச் சாவடியில் எடுபடாது. மலையில் குடியிருக்கிற காணி மக்களுக்குச் சிறுவனப் பொருள் எடுக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தில் உண்டு. அது அவர்களுடைய உரிமை. அவர்களோடு கூடப் போனதால் நமக்கு வந்துவிடாது.

சமவெளியில் செய்ய வேண்டியது இது. பறிக்க நினைக்கும் இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ பக்கத்துக் காட்டுக்காரரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழக அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் அந்த எண்ணைப் போட்டால் அ-பதிவேட்டு விவரம் வரும். பட்டா நிலமா, புறம்போக்கா, குளமா, கோயில் நிலமா என்று அதில் தெரியும். பட்டா நிலமென்றால் சொந்தக்காரரிடம் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும். குளத்துக் கரையும் வாய்க்கால் கரையும் என்றால் ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்கு இதற்கெல்லாம் ஒரு பைசா செலவாகவில்லை, இரண்டு நாள் அலைச்சல்தான்.

சொந்தக்காரரிடம் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்? இந்தக் கேள்விதான் என் கரிசலாங்கண்ணியைக் காப்பாற்றியிருக்கும். நம் பக்கத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்திலும் நடவு முடிந்த சில வாரங்களில் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். அந்தச் சமயம் வரப்பில் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் கை வைக்காதீர்கள். பிசானம் அறுத்து முடிந்த பிறகு, மாசி பங்குனியில், ஈரம் மிச்சமிருக்கும் வரப்பில் வருகிற புதுத் தழைதான் நல்லது.

சாக்கடை கலக்கும் வாய்க்கால், குப்பை எரிக்கும் இடம், நாற்கரச் சாலை ஓரம், உரக்கடைக் கிடங்குப் பக்கம் ஆகிய இடங்களை ஒதுக்கிவிடுங்கள். நீரில் கலந்ததை எல்லாம் செடி உறிஞ்சும். இலையை எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது.

3. பூவும் காயும் பார்க்காமல் பேர் வைக்காதீர்கள்

மருந்து காய்ச்சுவது எளிது. செடியை அறிவதுதான் வேலை. முதல் ஆறு மாதத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஆச்சி எண்பதைத் தாண்டியவர். நான் ஒரு கொத்து இலையைக் கொண்டுபோய்க் காட்டி இது என்ன என்று கேட்டால், "ஏட்டி, பூக்காத செடிக்கு என்னன்னு பேரு சொல்ல? பூத்த பொறவு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு கல்லூரித் தாவரவியல் துறைக்கு இலையை மட்டும் எடுத்துப் போனபோதும் அதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் வந்த நாள் வீணானது. நீங்கள் போகும்போது வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் இருக்கிற முழுக்கொப்பாகக் கொண்டுபோங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் நான் நம்புகிற அடையாளம்:

நொச்சி: விரல் விரித்ததுபோல் மூன்று முதல் ஐந்து சிற்றிலை. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெள்ளை. கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை. ஊதாப் பூ. கருநொச்சி என்று சொல்வது வேறு செடி, பேரில் மட்டுமே உறவு.

ஆடாதோடை: நீண்ட இலை எதிரெதிராக இருக்கும். வெள்ளைப் பூவில் உதடு போன்ற இதழும் ஊதாக் கீற்றும் உண்டு. ஆடு தொடாத இலை என்பதே பேரானது என்பார்கள். ஆடு மேய்ந்த வேலியில் இது மட்டும் முழுசாக நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

முடக்கத்தான்: இதில் ஏமாற வழியில்லை. பலூன்போல் உப்பிய முக்கோணக் காய், உள்ளே கறுத்த விதை, விதையின் மேல் வெள்ளையாக ஒரு இதய வடிவம். அந்த வெள்ளைக் குறியைப் பார்க்காமல் பறிக்க வேண்டாம்.

பிரண்டை: நான்கு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு ஒடுங்கி இருக்கும், பற்றுக்கம்பி விடும். சதுரக்கள்ளியின் இளங்கிளையும் பட்டையாகத்தான் இருக்கும். ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

கரிசலாங்கண்ணி: சொரசொரப்பான இலை, சட்டைப் பித்தான் அளவுக்கு வெள்ளைப் பூ. தண்டைக் கசக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் சாறு கறுக்கும். இதோடு குழம்புவது வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூ நீண்ட காம்பில் தனியாக எழும்பி நிற்கும், நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு வெளிறிய இதழ். மஞ்சள் கரிசாலை என்று நர்சரியில் கொடுப்பதில் பல சமயம் அழகுக்கு வளர்க்கும் படர்கொடி வந்துவிடுகிறது. முதல் வருஷம் வெள்ளைப் பூவோடு நில்லுங்கள்.

குப்பைமேனி: நீளக் காம்பு, பல்விளிம்பு இலை, பூவைத் தாங்குகிற கிண்ணம்போன்ற பச்சைச் செதில். பூனைவணங்கி என்றும் பேர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் வீட்டுப் பூனை வந்து அதில் புரளும்.

கீழாநெல்லி ஏன் என் ஆறில் இல்லை என்றால், அதன் கூட்டத்தில் ஒன்றுபோலவே இருக்கிற சொந்தங்கள் அதிகம். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு. காய் வழவழப்பாக, இலையடியில் வரிசையாக இருப்பதுதான் நாம் தேடுவது. இரண்டும் ஒரே பாத்தியில் சேர்ந்து நிற்கும், அதனால்தான் என் கட்டில் பாதி வேறு செடியாயிற்று.

இனி ஆவணம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு அட்டை போடுங்கள். பூவும் காயுமுள்ள கொப்பைப் பழைய செய்தித்தாள் இடையில் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டி, தாளைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். 42-க்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள தடித்த தாளில் ஒட்டி, பறித்த தேதி, ஊர், சர்வே எண், மண், பூ நிறம், ஊரில் சொல்லும் பேர், தாவரவியல் பேர் எல்லாம் எழுதுங்கள். ஆடாதோடைக்கு ஜஸ்டீசியா அடதோடா, நொச்சிக்கு வைட்டெக்ஸ் நெகுண்டோ என்பதுபோல. ஊர்ப்பேர் மட்டும் போதாது. சிறியாநங்கை என்று கேட்டால் ஒரு கடையில் நிலவேம்பைக் கொடுப்பார்கள், இன்னொரு கடையில் வேறொன்று வரும்.

அட்டை தயாரானதும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மூலிகைகளைப் படிப்பிக்கும் குணபாடப் பிரிவு இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிகளின் தாவரவியல் ஆசிரியர்களும் பூவோடு போனால் பொறுமையாகவே பார்த்துச் சொல்கிறார்கள். தேர்வு நாட்களில் போகாதீர்கள். ஒரு செடியை மூன்று வேறு இடங்களில், நீங்களாகவே, யாரும் சொல்லாமல் கண்டுபிடித்த பிறகுதான் அது உங்கள் ஆறில் சேரும்.

4. தொடாமல் கடக்க வேண்டியவை

நல்லதைப் படிக்கும் முன் கெட்டதைப் படியுங்கள். நான் இதைக் கடைசியில் படித்தேன், அது தவறு.

ஆடுதின்னாப்பாளை கரிசல் வயலில் தரையோடு படர்ந்து கிடக்கும், இதய வடிவ இலை. புழுவுக்கு நல்லது என்று இன்னும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதிலும் ஈசுரமூலியிலும் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், புற்றுநோயும் உண்டாக்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்கிற பேச்சை நம்ப வேண்டாம்.

கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, கோல்சிசின் என்ற கடும் விஷம் உள்ளது. சாப்பிடும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. கிழங்கு வகை எதையும் முதல் வருஷம் தோண்டாதீர்கள் என்று சொல்வது இதனாலும்தான்.

நித்தியகல்யாணிப் பூவைச் சர்க்கரைக்கு மென்று தின்பது பல ஊரில் நடக்கிறது. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து எடுக்கும் செடி அது. அந்த வீரியம் வெறும் வயிற்றில் காலையில் மெல்லுவதற்கானது இல்லை. மஞ்சள் அரளி, ஊமத்தை, எட்டி, குன்றிமணி பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

5. மாதக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் மழை. பார்க்க மட்டும் போங்கள், அட்டைக்குக் கொப்பு எடுங்கள், காயவைக்க எதையும் பறிக்காதீர்கள். குப்பைமேனியும் முடக்கத்தானும் அப்போதுதான் முளைத்துத் தழைக்கும்.

மார்கழிக் கடைசியில் தொடங்கித் தை முழுவதும் நம் பக்கத்துக்குப் பொன்னான நாட்கள். செடி செழிப்பாக இருக்கும், வெயில் சுள்ளென்று இல்லாமல் காயும், காற்றில் ஈரம் இறங்கியிருக்கும். வருஷத்துக்கான ஆடாதோடையை நான் இப்போது தையில்தான் பறிக்கிறேன். மாசி, பங்குனியில் கரிசலாங்கண்ணி. சித்திரையிலும் வைகாசியிலும் நொச்சியையும் பிரண்டையையும் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த இரண்டு மாதம் பாத்திரம் வாங்குவதற்கும் படிப்பதற்கும். ஆனி, ஆடியில் மலையடிவாரத்து ஊர்களில் சாரல் அடிக்கும்; அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே இருப்பவர்கள் அப்போதும் காயவைக்க முயல வேண்டாம். கிழக்கே போகப் போக அந்தக் கவலை இல்லை.

பறிக்கும் நேரம் காலையில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். ஈர இலையைப் பையில் அடைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் வெந்துபோகும். பாலித்தீன் வேண்டாம், பனை ஓலைப் பெட்டியோ துணிப்பையோ போதும்.

முழங்கால் வரை மூடிய செருப்பு இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். கையில் கம்பு இருக்கட்டும். பாம்பு கடித்தால் எந்த இலையும் வேண்டாம், கட்டு வேண்டாம், கீறல் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

6. காயவைப்பது

நிழலில் உலர்த்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நிழல் மட்டும் போதாது, காற்று வேண்டும். கதவடைத்த அறையின் நிழலில்தான் பூஞ்சணம் வரும். கழுவிய இலையை முதலில் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் தண்ணீர் வடியவிடுங்கள். பிறகு தரையில் போடாமல் கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து அதன் மேல் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். அடியிலும் காற்று போகும். காலையிலும் மாலையிலும் புரட்டிப் போடுங்கள். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், இரவுப் பனி ஒரு நாள் உழைப்பைத் திருப்பிவிடும்.

தை மாதத்தில் ஆடாதோடைக்கு ஆறேழு நாள் ஆகும். காய்ந்ததா என்று கையால் நொறுக்கிப் பார்ப்பது பழைய வழி. நான் தராசு வைத்துப் பார்க்கிறேன். ஒரு பிடியைத் தனியாக எடை போட்டு, அடுத்த நாளும் அதே எடை வந்தால் காய்ந்துவிட்டது. குறைந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிலோ பச்சை இலை கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாக வரும். அந்தக் கணக்கில் பறியுங்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு கிலோ பச்சை இலைக்கு மேல் தேவைப்படாது. நான் ஆறு கிலோ பறித்தது அறியாமை.

பொடிப்பதிலும் இரண்டு வகை உண்டு. குடிநீருக்கு ஒன்றிரண்டாக இடித்தால் போதும். சூரணத்துக்கு நைசாக அரைத்துத் துணியில் சலிக்க வேண்டும், அதை வஸ்திரகாயம் என்பார்கள். முதல் வருஷம் சூரணம் வேண்டாம். மழைக்காலத்தில் சீக்கிரம் ஈரம் இழுத்துவிடும்.

7. செய்முறை

வேது: இரண்டு கை நொச்சித் தழையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடி, இறக்கி, தரையில் ஆடாத இடத்தில் வைத்துப் போர்வைக்குள் ஐந்து பத்து நிமிஷம் ஆவி பிடிப்பது. ஸ்டூல் மேலோ மடியிலோ பாத்திரத்தை வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு வேது பிடிக்கவே வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகிற சம்பவங்கள்தான் அதிகம்.

ஆடாதோடைக் குடிநீர்: இடித்த இலை 5 கிராம், தண்ணீர் 200 மில்லி, சின்னத் தீயில் 50 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுவது. நாலில் ஒன்றாய்ச் சுண்டுவது என்று சொல்வார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் என்று நினைத்துவிடுவோம். காய்ந்த இலைத்தூள் எடையே இல்லாதது, கரண்டியால் அளந்தால் கணக்கு தப்பும். தராசில் போடுங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் வேண்டாம். கசப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். எத்தனை வேளை என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், சளியில் ரத்தம் வந்தால், மாலைக் காய்ச்சல் இருந்தால் குடிநீரை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். குடிநீர் இருமலைக் கொஞ்சம் தணித்துக் காட்டுவதால் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும் என்பதுதான் பயம்.

முடக்கத்தான்: ஒரு கை இலையைத் தோசை மாவோடு அரைத்து ஊற்றுவது. மாவு நிறைய, இலை கொஞ்சம். கசப்பும் குறையும், வயிறும் கலக்காது.

பிரண்டை: நுனியிலிருந்து மூன்று நான்கு கணு, நகம் இறங்கும் அளவுக்குப் பிஞ்சாக இருக்க வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி, நான்கு ஓரத்திலும் நார் உரித்து, சின்னதாக நறுக்கி, எண்ணெயில் நிறம் மாறும்வரை நன்றாக வதக்க வேண்டும். பிறகு புளி, உளுந்து, வற்றல், உப்பு சேர்த்துத் துவையல். அரைகுறையாக வதக்கினால் தொண்டை நமநமவென்று அரிக்கும். அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்துவதுதான் அது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதை ஒதுக்குவது நல்லது.

கரிசலாங்கண்ணி எண்ணெய்: நிறைய பேர் கெடுப்பது இதைத்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். செக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் அரை லிட்டர், சாறு அரை லிட்டர். சாற்றுக்கு எனக்கு இரண்டு கிலோ பச்சைத் தழை தேவைப்பட்டது. இடித்துத் துணியில் பிழிந்து, பிழிந்த உடனே அடுப்பில் வைக்க வேண்டும். சட்டி பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பொங்கும். சாறும் எண்ணெயும் குளிர்ந்திருக்கும்போதே கலந்து ஏற்றுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

தீ சின்னதாக இருக்கட்டும். இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும், பக்கத்திலேயே இருந்து அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். சடசடவென்ற சத்தம் குறைந்துகொண்டே வரும். அடியில் நிற்கும் கசடைக் கரண்டியில் எடுத்து ஆறவிட்டு விரலில் உருட்டிப் பாருங்கள். முதலில் சேறு மாதிரி ஒட்டும். பிறகு மெழுகு மாதிரி உருளும், இது மெழுகுப் பதம். இன்னும் கொஞ்சம் போனால் மணல் மாதிரி நெறுநெறுக்கும், இது மணல் பதம். தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு நான் மணல் பதம் தொடங்கும்போது இறக்குகிறேன். தாண்டினால் கருகல் வாடை வந்துவிடும், அதைத் திருப்ப முடியாது. சந்தேகமிருந்தால் ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். வெடித்து எரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அப்படியே புட்டியில் ஊற்றினால் ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். சீராக எரிந்தால் இறக்கி, வெதுவெதுப்பாக வடிகட்டுங்கள்.

குப்பைமேனி: இலையையும் கல்லுப்பையும் அரைத்து அரிப்புள்ள இடத்தில் பூசி, இருபது நிமிஷத்தில் கழுவுவது. முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். புண்ணின் மேல் வேண்டாம். உள்ளுக்கும் சாப்பிட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

8. சீட்டும் நாள் கணக்கும்

ஒவ்வொரு புட்டியிலும் செடிப் பேர், பறித்த இடம், பறித்த தேதி, செய்த தேதி, அட்டை எண். இந்த ஐந்தும் இல்லாத புட்டியைத் திறக்காதீர்கள். சித்த மருத்துவத்தின் பழைய கணக்குப்படி சாறும் குடிநீரும், கற்கம் என்கிற அரைத்த விழுதும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான் தாங்கும். சூரணம் 3 மாதம், நெய்யும், இளகம் என்கிற லேகியமும் 6 மாதம், எண்ணெய் 1 வருஷம். காலையில் வைத்த குடிநீரைச் சாயங்காலம் சுடவைத்துக் குடிப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம், அதை விடுங்கள். காய்ந்த இலையைப் பொடிக்காமல் முழு இலையாகக் கண்ணாடிப் புட்டியில் வைத்து, வேண்டும்போது இடித்துக்கொண்டால் அடுத்த தை வரை வாசனை போகாது.

9. செலவு

எனக்கு ஆனது: 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு 450, மண்சட்டி 120, வடிகட்டக் காடாத்துணி 80, இருபது கண்ணாடிப் புட்டி 500, அழுத்தும் பலகையும் கயிறும் 300, பூதக்கண்ணாடி 150, நோட்டு 60, செக்கு எண்ணெய் அரை லிட்டர் 200. மொத்தம் 1,860 ரூபாய். பஸ் செலவு தனி. உரல் வீட்டிலேயே இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் டவுனில் ரத வீதிப் பக்கத்து நாட்டுமருந்துக் கடைகளில் 50 கிராம் அளவில் கொடுப்பார்கள். பழக்கமான ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, இது எப்ப வந்த சரக்கு?" என்று கேட்டால் கோபப்படாத கடைதான் நல்ல கடை. ஆன்லைனில் மூலிகைக் கருவிப் பெட்டி என்று மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்பது தேவையில்லை.

10. யாருக்குக் கொடுப்பது, விற்பது

முதல் வருஷம் உங்களுக்கும், விவரம் தெரிந்து சம்மதிக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கும் மட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக ஈரல் நோய் உள்ளவர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற வழக்கம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. காமாலை என்பது ஒரு அறிகுறி. பித்தப்பைக் கல்லாலும் வரும், வைரஸாலும் வரும், சாராயத்தாலும் வரும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இரண்டு புட்டி எண்ணெய் நன்றாக வந்ததும் விற்கக் கேட்டு வருவார்கள். மருந்தென்று சொல்லி விற்க 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். படிவம் 24-டியில் விண்ணப்பித்து 25-டி உரிமம் வாங்குவது முறை. தகுதி பெற்ற ஆள், தனிக் கட்டடம், நல்ல தயாரிப்பு நெறிகள் எல்லாம் கேட்பார்கள், வீட்டு அடுப்படிக்குக் கிடைக்காது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் தன் நோயாளிகளுக்குத் தானே செய்து கொடுப்பது மட்டும் விலக்கு. சர்க்கரையைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் போடுவதுகூட 1954-ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டும்.

எண்ணெய் கேட்டு வருகிறவர்களுக்கு நான் நொச்சிப் போத்து வெட்டிக் கொடுக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு முழக் கொப்பை வேலியோரம் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், அடுத்த தையில் தழை எடுக்கலாம்.